அட்டைக்குப் போடும் உப்பும் சித்தப்பா குடித்த உப்பும்

(தோட்டத்து வாசிகசாலையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையில் படியேறி வந்தவர்களில் பாதிப்பேர் காலில் அட்டையோடுதான் வந்திருப்பீர்கள், ஆகவே அட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

அட்டை கடித்தால் உப்பைப் போடுகிறோம். உப்பு அதன் உடம்பிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடும், அது சுருண்டு விழும். ஆனால் அதே உப்பு அளவோடு இருப்பதால்தான் அட்டைக்கு நம் கால் இருக்கும் இடமே தெரிகிறது. நம் மலை அட்டைக்குத் தண்ணீரில் வாழும் ஒரு சொந்தக்காரன் உண்டு, மருத்துவ அட்டை என்பார்கள். அதன் உடம்பு நெடுக 21 நரம்பு முடிச்சுகள், ஒரு முடிச்சில் ஏறக்குறைய 400 நரம்புக் கலங்கள். கலங்கள் பெரியவை, எண்ணிவிடலாம். அதனால் 1960களில் ஸ்டீஃபன் குஃப்லர் போன்ற ஆய்வாளர்கள் நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று அதை வைத்தே பார்த்தார்கள்.

கலத்துக்கு வெளியே உப்பிலுள்ள சோடியம் கூட, உள்ளே பொற்றாசியம் கூட. இந்த ஏற்றத்தாழ்வில் சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது, அதாவது டோர்ச் பெட்டரி ஒன்றில் இருபதில் ஒரு பங்கு. வாசல் திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் அதுதான் செய்தி. இதைக் கணவாயின் தடித்த நரம்பில் அளந்து 1952இல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். பாய்ந்த சோடியத்தைத் திரும்ப வெளியே தள்ளும் பம்பை 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ கண்டார். அட்டைக்கும் கணவாய்க்கும் நமக்கும் இதே ஏற்பாடுதான், கூர்ப்பு அதை மாற்றவேயில்லை. சோடியம் வாசலுக்கான ஜீன், நரம்பே இல்லாத ஒற்றைக்கல உயிர்களிலும் இருக்கிறது!

சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால் என் சித்தப்பாவுக்காக.

அவர் ஒரு மாசி மாதம் மூன்று இரவு தூங்கவில்லை. லயம் முழுக்க நடந்து பேசிக்கொண்டே இருந்தார், கடையில் கடனுக்கு நாலு ரேடியோ எடுத்தார், தோட்டத்தையே வாங்கப்போவதாகத் துரையிடம் போய்ச் சொன்னார். அருள் என்றார்கள் சிலர், பூசாரி வந்து திருநீறு போட்டார், கடைசியில் வழக்கம்போல ‘அங்கொடை கேஸ்’ என்ற பேர்தான் மிஞ்சியது (அங்கொடையில்தான் மனநோய் ஆஸ்பத்திரி). அந்தப் பேர் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். பிறகு கிளினிக்கில் இருமுனை மனநோய் என்றார்கள், மனம் ஒருகாலம் கொந்தளிக்கும், ஒருகாலம் சோர்ந்துவிடும். அங்கே கொடுத்த குளிசை லித்தியம் காபனேற்று. அதுவும் ஒரு உப்புதான்.

அதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர், சிங்கப்பூரின் சாங்கி சிறைமுகாமில் யப்பானியரிடம் மூன்று வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்தவர், இந்த நோய்க்காரரின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நம்பினார். யூரிக் அமிலத்தைக் கரைக்க வசதி என்றுதான் லித்தியத்தை எடுத்தார், கினிப்பன்றிகள் சாதுவாகிவிட்டன (அவை பாவம், நஞ்சேறி மயங்கிக் கிடந்திருக்கலாம்). நஞ்சு என்ற எண்ணம் தப்பு, மருந்து சரி. 1949இல் பத்துப் பேரின் கதையை எழுதினார், கொந்தளித்தவர்கள் அடங்கினார்கள். அதில் முதல் ஆளே அடுத்த வருடம் லித்தியம் கூடிப்போய் இறந்தார், அதையும் மறைக்கக் கூடாது.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் இதே லித்தியம். 1991இல் சோனி விற்க ஆரம்பித்த பெட்டரி, 2019இல் மூன்று பேருக்கு இரசாயன நோபல், அதில் குட்இனஃபுக்கு அப்போது வயது 97. சார்ஜ் போடும்போது லித்தியம் அயன்கள் காரீயப் (பென்சில் கரி) பக்கம் போய் ஒதுங்கும், பாவிக்கும்போது திரும்பி வரும். நரம்பில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது: சோடியம் வாசலால் லித்தியமும் நுழைந்துவிடும், பம்ப் அதைச் சரியாக வெளியே தள்ளாது, உள்ளே தங்கி ஜி.எஸ்.கே-3 என்ற நொதியை அடக்கும். (அதற்காகப் போன் பெட்டரியை யாரும் உடைக்க வேண்டாம். தீப்பிடிக்கும்.)

அப்புறம் கல்யாணப் பேச்சு. சித்தப்பாவின் மகளுக்கு இரண்டு இடம் தட்டிப்போனது, ‘குடும்பத்திலேயே இருக்கு’ என்று. இருப்பது உண்மை, இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாம் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே சொல்கின்றன. ஆனாலும் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடினால் பத்தில் ஒன்று. 2021இல் 40 ஆயிரத்துக்கும் கூடுதலான நோயாளிகளின் ஜீன்களைப் பார்த்தபோது நோயோடு தொடர்புள்ள 64 இடங்கள் தெரிந்தன, ஒவ்வொன்றும் தள்ளுவது எள்ளளவு. அவற்றில் பல, பெண் பார்க்க வந்து வேண்டாம் என்றவர்கள் வீட்டிலும் இருக்கும். இயற்கைத் தேர்வால் இவற்றைப் பொறுக்கி எறிய முடியாததற்கும் காரணம் அந்தச் சின்ன அளவுதான். நோயாளிகளின் சகோதரர்கள் கலைத்துறையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறார்கள் என்று சுவீடனில் கணக்குப் பார்த்தார்கள், இருக்கட்டும். ஆனால் வரம் என்று யாராவது சொன்னால், அந்த நாலு ரேடியோக் கடனைக் கட்டிய சித்தியிடம் போய்ச் சொல்லட்டும்.

குளிசை குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சிறுநீரகம் சோடியத்தையும் லித்தியத்தையும் ஒன்றாகவே பிடித்து வைக்கும். பிரஷருக்கென்று திடீரென உப்பைக் குறைத்தாலும், வெயிலில் கொழுந்தெடுத்து வேர்த்துக் கொட்டினாலும், வயிற்றோட்டம் வந்தாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுங்கும், நடை தள்ளாடும். அப்படியென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரத்தம் சோதிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள், அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாவிட்டாலும் பரவாயில்லை.

பேசி முடித்ததும் பின்வாங்கில் இருந்த ஒரு அம்மா கேட்டார், “அப்போ தேத்தண்ணி குடிக்கலாமா ஐயா?” நல்ல கேள்வி. தேயிலையின் கஃபீன் லித்தியத்தைக் கொஞ்சம் வெளியே அனுப்பும், ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறும். வழக்கமாகக் குடிப்பதைக் குடியுங்கள், விடுவதென்றால் கிளினிக்கில் சொல்லிவிட்டு விடுங்கள் என்றேன். அவர் யாருக்காகக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. போகும்போது எட்டா, ஆறா என்று திரும்பவும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனார்.