சும்மா கிடக்கும் காணியில் உடற்பயிற்சித் திடல்: நிதி கேட்பது எப்படி?

[காட்சி: கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை. தகரவேலிக்குப் பின்னால் பற்றை, பழைய டயர்.]

வணக்கம். இப்படியொரு துண்டுக் காணி உங்கள் ஒழுங்கை முனையிலும் இருக்கும். மழை பெய்தால் டயருக்குள் தண்ணீர் நிற்கும், நுளம்பு பெருகும், அப்புறம் அயலில் யாருக்காவது டெங்கு. அந்த இடத்தைத் துப்புரவாக்கி நாலைந்து உடற்பயிற்சிக் கருவிகளை வைக்க முடியும். அதற்கு நிதியும் கேட்கலாம்.

நிதி தருபவர் முதலில் கேட்கும் கேள்வி: "காணி யாருடையது?"

[காட்சி: கிராம உத்தியோகத்தர் அலுவலக வாசல்.]

கொழும்பில் சொந்தக்காரர் இல்லாத காணி என்று ஒன்று கிடையாது. மாநகர சபையுடையதாக இருக்கலாம், நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதாக இருக்கலாம். தண்டவாளத்தோரம் என்றால் ரயில்வே திணைக்களம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்துத் தொடங்குங்கள். "தாராளமாகச் செய்யுங்கள்" என்று யாராவது வாயால் சொன்னால் போதாது. எத்தனை வருடத்துக்குப் பாவிக்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கு மாதக்கணக்கில் அலைய நேரலாம். சலிக்காமல் அலையுங்கள், மற்ற எல்லாம் இந்தக் கடிதத்தில்தான் நிற்கிறது.

அடுத்து, அயலவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமையுங்கள். அதைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். தனியாள் கணக்குக்கு யாரும் காசு போட மாட்டார்கள்.

சரி, யாரிடம் கேட்பது? உங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினரிடம் கேட்கலாம். சமூகப் பணிக்கு நிதி ஒதுக்கும் வங்கிகளும் கம்பனிகளும் உண்டு. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியத் திட்டம், ஆஸ்திரேலிய உயர் ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் போன்றவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நிபந்தனையையும் விண்ணப்பக் காலத்தையும் முதலில் பாருங்கள்.

[காட்சி: விடியற்காலை. செருப்போடு வீதியோரம் நடக்கும் அம்மாமார்.]

விண்ணப்பத்தில் தேவையைக் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, விழாமல் இருக்க, வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டுமாம். இதை எழுதிவிட்டு, உங்கள் ஊர்க் கணக்கையும் எழுதுங்கள். ஒரு வாரம் காலை 5.30 முதல் 7 மணி வரை ஒழுங்கை முனையில் நின்று, வாகனங்களுக்கு ஒதுங்கி நடப்பவர்களை எண்ணுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வருவீர்கள், வெளிச்சம் எங்கே வேண்டும்? ஃபிளாட்டில் அடைந்து கிடக்கும் எங்கள் தாத்தா பாட்டிமாரிடமும் கேளுங்கள். அவர்களுக்குப் பிடித்து நிற்க ஒரு கம்பியும் சாய்ந்து உட்கார ஒரு வாங்கும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

[காட்சி: துருப்பிடித்த கருவி, அருகிலிருந்து.]

பட்ஜெட்டில் பலர் சறுக்குவது இங்கேதான். கடற்காற்றின் உப்பு சாதாரண இரும்பை வேகமாகத் தின்றுவிடும். நாகமுலாம் பூசிய (கல்வனைஸ்) குழாய் விலை கூடத்தான், ஆனாலும் அதையே கேளுங்கள். அசையும் பாகம் குறைந்த கருவிகளைத் தெரிவு செய்யுங்கள், பழுதாவது பெரும்பாலும் அசையும் மூட்டுகள்தான். மே மாதத்து மழையில் தண்ணீர் தேங்காதபடி வடிகாலுக்கும் காசு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் நுளம்பு திரும்பி வந்துவிடும்.

திடல் திறந்த பிறகு ஆணியை முறுக்குவது யார், கிறீஸ் போடுவது யார், பல்ப் எரிந்துபோனால் மாற்றுவது யார்? மூன்று பேர் ஒத்துக்கொள்ளட்டும். அவர்களின் பெயரையும் மாதாந்தச் செலவையும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.