பழைய டேப் செட்டை காயலான் கடையில் போடும் முன் இதைப் பாருங்கள்!

(திரையில்: துணி போர்த்திய செட். துணியை உருவுகிறோம்.)

வணக்கம் மக்களே! கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரக் கரையோரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், யாரோ வளைகுடாவிலிருந்து சுமந்து வந்த ஒரு செட் ஷோகேஸில் உட்கார்ந்திருக்கும். ரெண்டு பெரிய ஸ்பீக்கர். கேசட் இல்லை, அதனால் பாட்டும் இல்லை. அதே வீட்டில் ஒரு பையன் செல்போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பான். அநியாயம்! செல்போனோ, ஐபாட் என்ற பாக்கெட் பாட்டுப்பெட்டியோ, எந்தப் பிளேயராக இருந்தாலும் அதை இந்தப் பழைய செட்டில் பாடவைப்பதுதான் இன்றைய வேலை.

வரலாறு வேண்டுமா? வாக்மேன் 1979, ஐபாட் 2001, ஐபோனில் ஹெட்போன் ஓட்டையை மூடியது 2016. முடிந்தது, வாங்க.

(செட்டின் பின்பக்கம், குளோஸ்-அப்.)

ஏ.யூ.எக்ஸ், லைன் இன், சி.டி., டேப் இன். இதில் எது எழுதியிருந்தாலும் உங்கள் வேலை சுலபம். ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையும் உள்ள வயரை வாங்குங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. பிளேயரில் வால்யூமை முக்கால்வாசி வைத்துவிட்டு, செட்டில் அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். போனோ என்று எழுதிய ஓட்டையில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்குவதற்கானது. அதில் ஐபாடைச் செருகினால் பாட்டு கரகரவென்று கிழியும்.

செல்போன் பாட்டை வயர் இல்லாமல் வாங்கிக்கொள்ளும் புளூடூத் ரிசீவர்? நல்லதுதான், ஆனால் அதைச் செருகவும் இதே ஓட்டைதான் வேண்டும்.

சரி, பின்பக்கம் எந்த ஓட்டையுமே இல்லை, கேசட் கதவு மட்டும்தான் இருக்கிறது என்றால்? இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

(கையில் கேசட் அடாப்டர். வயர் தொங்குகிறது.)

பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே நாடா கிடையாது. நாடா ஓடும் இடத்தில் ஒரு குட்டி ஹெட், அதாவது காந்த முனை, இருக்கிறது. பிளேயரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு ஏற்ப அதன் காந்தப்புலம் ஏறி இறங்கும். எதிரே, நாடாவைப் படிக்கும் செட்டின் ஹெட் காத்திருக்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காந்தப்புலம் மாறுகிறதா என்பது மட்டும்தான். அந்த மாற்றம் நாடாவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், ஐபாடிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். கணவாய் மீனுக்குத் தூண்டிலில் பொய் இறால் போடுகிறோமே, அதே கதை. கணவாய் கவ்விவிடும்!

இன்னொரு குறும்பு பாருங்கள். (ரெண்டு சக்கரத்தையும் விரலால் சுற்றிக் காட்டுகிறோம்.) ஒன்றைச் சுற்றினால் மற்றதும் சுற்றுகிறது. உள்ளே பல்சக்கரம். நாடாவே இல்லாத கேசட்டுக்கு எதற்கு? சக்கரம் நின்றால் கேசட் முடிந்துவிட்டது என்று நினைத்து பல செட்கள் தானாக நின்றுவிடும். அதற்குத்தான் இந்த நாடகம். இதை யோசித்தவருக்கு ஒரு லைக் போடுங்கள், எனக்கு அப்புறம் போடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. இது காருக்காகச் செய்தது. வீட்டு செட்டின் கதவை மூடினால் வயர் நசுங்கும். அரத்தால் கதவின் ஓரத்தில் ஒரு நூல் அளவு தேய்த்தால் வயர் வெளியே வந்துவிடும். செட்டில் சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் பெல்ட் கூழாகிப் போயிருந்தாலும், கட்டைக் கட்டையாக அழுத்தும் பட்டன் உள்ள பழைய மாடலில் பெரும்பாலும் பாடிவிடும். பட்டனை அழுத்தியதும் ஹெட் தானாக முன்னால் வந்துவிடுகிறதே!

பிளேயரின் பாட்டை செட்டின் ரேடியோவுக்கு அலையாக அனுப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரும் இருக்கிறது. ஆனால் ராமேஸ்வரம் பக்கம் இலங்கை எஃப்.எம். எல்லாம் எட்டிப் பார்க்கும். காலி இடம் தேடிப்பிடித்து நீங்கள் பாட்டைப் போட்டால், நடுவில் கடலுக்கு அந்தப் பக்கத்து அறிவிப்பாளர் விளம்பரம் வாசிப்பார். எனக்குப் பிடிக்கும். உங்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ.

(பச்சை பூத்த பின், குளோஸ்-அப்.)

ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையா? உப்புக்காற்று. செட்டை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வயரின் பின்னைத் துடையுங்கள். காய்ந்ததும் பின்னைச் செருகி நாலு சுற்று திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கில் இன்னும் அழுக்கு ஒட்டும். புது வயர் வாங்கினால் தங்க முலாம் பூசியதாக வாங்குங்கள். நம் ஊரில் அது பந்தா இல்லை, தேவை.

உம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் பிளேயரின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே நிற்கும். நிற்காதவர்கள் செட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள். பின்பக்கத்தை! போன தடவை எல்லோரும் முன்பக்கத்தை, அதுவும் துடைத்துவிட்டு எடுத்து அனுப்பியிருந்தீர்கள்.