டி.வி. ஸ்டாண்டின் பின்பக்கம்: எர்த், இடி, கேபிள்

(காட்சி: சுவரை ஒட்டியிருக்கும் டி.வி. ஸ்டாண்ட் மெதுவாக முன்னால் இழுக்கப்படுகிறது. பின்னால் பின்னிக் கிடக்கும் ஒயர்கள், தூசி, ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.)

வணக்கம். டி.வி.யையும் ஹோம் தியேட்டரையும் பொருத்திய நாளுக்குப் பிறகு அவற்றின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஷாக், தீ, இடியில் கருகும் போர்டு என இந்தக் கருவிகளால் வரும் ஆபத்துகள் அநேகமாக அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே இன்று அந்த ஒயர்களைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

(காட்சி: மூன்று பின் பிளக், மிக அருகில்.)

இந்தப் பிளக்கில் பெரிதாக இருப்பது, கருவியின் உறையைத் தரையோடு இணைக்கும் எர்த் பின். செருகும்போது எர்த் இணைப்பு முதலில் கிடைக்க வேண்டும், உருவும்போது கடைசியில்தான் விடுபட வேண்டும் என்பதற்காகவே அதை மற்ற இரண்டையும்விட நீளமாக வைத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் உள்ளே ஓர் ஒயர் தளர்ந்து உலோக உறையைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸை எரிக்கும், அல்லது எம்.சி.பி.யை, அதாவது மெயின் போர்டில் தானாக அணையும் சுவிட்சை, விழச் செய்யும். எர்த் இல்லாத வீட்டில் அந்த உறை 230 வோல்ட்டிலேயே நிற்கும்; அதை முதலில் தொடுகிறவரின் உடம்பு வழியாகத்தான் மின்சாரம் தரைக்கு இறங்கும். பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் செருகுவதையும், பிளக்கே இல்லாமல் ஒயர் நுனிகளைத் தீக்குச்சி வைத்து இறுக்குவதையும் இன்றும் பல வீடுகளில் பார்க்க முடிகிறது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

பெரும்பாலான செட்டாப் பாக்ஸ்களுக்கும் சில டி.வி.களுக்கும் இரண்டு பின் மட்டுமே இருக்கும். அவற்றின் லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சிறு சதுரம் அச்சிடப்பட்டிருந்தால், உள்ளே இரட்டை இன்சுலேஷன் இருக்கிறது, எர்த் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று பொருள். ஆனாலும் அப்படிப்பட்ட கருவியின் ஹெச்.டி.எம்.ஐ. ஒயரையோ டிஷ் கேபிளின் திருகையோ வெறுங்காலுடன் தொடும்போது, எறும்பு கடித்தாற்போல விரல் நுனியில் ஒரு சுருக்கென்ற உணர்வு வருவதுண்டு. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக அதன் பவர் சப்ளையில் வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். நாலைந்து கருவிகளை ஒன்றோடொன்று இணைத்திருந்தால் அந்தக் கசிவுகள் கூடிவிடும், சுருக்கென்பதும் உறைப்பாகத் தெரியும். இது வழக்கமான கசிவா, உண்மையான பழுதா என்று விரலால் சொல்ல முடியாது. கேபிள் டி.வி. ஒயர் என்றால் கூடுதல் கவனம் தேவை. தெருவில் பல வீடுகளைத் தொட்டுக்கொண்டு வரும் அந்தச் செம்புக் கம்பி, வேறொரு வீட்டிலோ கம்பத்திலோ உள்ள பழுதையும் உங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். எனவே, "லேசாகத்தானே அடிக்கிறது" என்று விட்டுவிடாமல் எலக்ட்ரீசியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

(காட்சி: வாசலோரம் எர்த் குழி; ஒருவர் அதில் தண்ணீர் ஊற்றுகிறார்.)

அவர் வரும்போது எர்த்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நல்லது. சாக்கெட்டில் எர்த் துளை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது; உள்ளே ஒயரே போடாத சாக்கெட்டுகள் பழைய வீடுகளில் உண்டு. கரியும் உப்பும் இட்ட எர்த் குழியாக இருந்தால், கோடையில் மண் காய்ந்து அதன் பலன் குறையும் என்பதால், அவ்வப்போது தண்ணீர் ஊற்றிவர வேண்டும். அத்துடன், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழக்கூடிய ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்.சி.பி. ஒயரிங்கைக் காக்கும், ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான்.

(காட்சி: இருண்டுவரும் வானம், மொட்டைமாடியில் டிஷ்.)

அடுத்தது இடி. கோடை மழையிலும் ஐப்பசி மழையின் தொடக்கத்திலும் டி.வி. போர்டுகள் அதிகமாகக் கருகுவதைப் பழுதுபார்ப்பவர்கள் சொல்வார்கள். மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை; அருகில் எங்கோ விழுந்தாலும் கரண்ட் கம்பியிலும் கேபிளிலும் ஒரு கணம் பல நூறு, சில சமயம் பல ஆயிரம் வோல்ட் எழும். சுவிட்சை மட்டும் அணைப்பதால் பயனில்லை, ஏனென்றால் சுவிட்ச் ஒரே ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது. முதலில் மின் பிளக்கை உருவுங்கள், அதன் பிறகு டிஷ் அல்லது கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். இன்டர்நெட் ஃபைபரில் மின்சாரம் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டரில் வரும், பக்கத்துக் கட்டடத்திலிருந்து இழுத்த லேன் ஒயரிலும் வரும்.

இவை அனைத்தையும் இடி நெருங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே மூன்று விநாடி இடைவெளி இருந்தால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கணக்கு. முப்பது விநாடிக்குள் சத்தம் கேட்கிறது என்றால் எந்த ஒயரையும் தொடாதீர்கள். டி.வி. போனால் போகட்டும்.

ஸ்பைக் பஸ்டர் என்ற பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சிறிய வோல்டேஜ் ஏற்றங்களைத் தாங்கும், நேரடி மின்னலைத் தாங்காது. அந்த ஏற்றத்தை எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டிய அதன் பகுதி, எர்த்தே இல்லாத சாக்கெட்டில் வெறும் அலங்காரம்தான். இன்றைய எல்.இ.டி. டி.வி.களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிப்பதால், லேபிளைப் பார்த்துவிட்டு ஸ்டெபிலைசருக்கான பணத்தை எர்த்தைச் சீர்செய்யச் செலவிடலாம் என்பது என் கருத்து.

(காட்சி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ் பிளக் செருகப்படுகிறது, திரையில் சிவப்புக் குறுக்குக் கோடு.)

6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏறத்தாழ 1,380 வாட் வரை தாங்கும். டி.வி., சவுண்ட் பார், செட்டாப் பாக்ஸ் மூன்றும் சேர்ந்தாலும் அந்த அளவை எட்டுவது அரிது. அதே பாக்ஸில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸைச் செருகும்போதுதான் தளர்ந்த சாக்கெட் சூடேறி உருகத் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபையரின் காற்றுத் துளைகளைத் துணியாலோ புத்தகங்களாலோ மூடாதீர்கள்.

பிளக்கை உருவிய பிறகும் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யிலோ அது 20,000 வோல்ட்டைத் தாண்டும்.

(காட்சி: டி.வி.யின் பின்னிருந்து மெல்லிய புகை.)

புகையோ கருகிய வாடையோ வந்தால், டி.வி.யைத் தொடாமல், கைக்கு எட்டும் சுவிட்சை அணையுங்கள்; சுவிட்ச் புகைக்கு அருகில் இருந்தால் மெயினை அணையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ தெரிந்தால் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். புகை தானாக நின்றுவிட்டாலும், பழுது பார்க்காமல் அந்த டி.வி.யை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.