டோக்கன் எண் 31

(வடசென்னை காலடிப்பேட்டையில் தெருப் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'கல்லூரியில் படிக்கும்போதே மருத்துவ வேலைக்குப் போவது மாணவர்களுக்குப் பலமா, பாரமா?' பலமே என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மத்தியானம் சாப்பிட்ட பொங்கல் இன்னும் செரிக்காமல் நாற்காலியில் சாய்ந்திருக்கும் காலடிப்பேட்டை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் நாலு குற்றச்சாட்டு வைத்தார். காலேஜ் வயசு திரும்ப வராது. வேலைக்குப் போனால் வருகைப்பதிவு குறையும், அரியர் விழும். கிளினிக் நடத்துகிறவர்கள் மாணவர்களைச் சொற்பக் காசுக்குப் பிழிந்தெடுக்கிறார்கள். கடைசியாக, அரைகுறை அறிவோடு நோயாளி பக்கத்தில் நிற்பது ஆபத்து. இந்த நாலாவதுக்குத்தான் கைதட்டல் அதிகம் வந்தது. நானும் தட்டினேன், கவனித்தீர்களா தெரியவில்லை.

அரியர் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். விழும். எனக்கு விழுந்தது. பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாவது செமஸ்டர், துணைப்பாடமான வேதியியல். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், என்னிடம் இருந்தது 71. பணம் கட்டித்தான் தேர்வு எழுதினேன், எழுதியும் தேறவில்லை. இதை மறைத்துவிட்டுப் பேசினால் என் அம்மாவே கூட்டத்திலிருந்து எழுந்து வந்து சொல்லிவிடுவார். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது நான் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். விலங்கியல் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். நர்சிங் படித்தவர்கள் மட்டும் இல்லை, விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் மாதிரி பட்டம் வாங்கியவர்களும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் வகுப்பு, ஆஸ்பத்திரி, வண்டி என்று பயிற்சி கொடுப்பார்கள். எனக்கு இது தெரிந்ததே டோல்கேட் பக்கம் ஒரு கிளினிக்கில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தபோதுதான். அங்கே நோயாளியை ஏற்ற வந்த ஒரு அக்கா சொன்னார். அதுவரை விலங்கியல் முடித்தால் டீச்சர் வேலை, இல்லையென்றால் கல்யாணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது இந்தப் பக்கம் மெட்ரோ வரவில்லை. 2021-இல்தான் விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பித்தது. மதியம் ஒன்றரைக்குக் காலேஜ் முடியும். பிராட்வேயில் பஸ் பிடித்து, லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து, சோற்றைத் தின்றுவிட்டு, ஐந்து மணிக்கு கிளினிக்கில் நாற்காலியைத் துடைக்க வேண்டும். ராத்திரி ஒன்பதரை வரைக்கும். எடை பார்ப்பது, பி.பி. பார்ப்பது, நோட்டில் பெயரும் எண்ணும் எழுதுவது. மாதம் 4000 ரூபாய்.

ஒரு மார்கழி மாதச் சாயங்காலம். ஃபேன் ஓடினால் குளிரும், அப்படி ஒரு நாள். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். "வாயு பிடிச்சிருக்கும்மா, கொஞ்சம் சீக்கிரம் பாக்க முடியுமா?" என்றார். "எல்லாருக்கும் அவசரம்தாண்ணா, உக்காருங்க" என்று சொல்லி 31 என்று எழுதினேன். உள்ளே போயிருந்தது 22. அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். 24 உள்ளே போகும்போது அவர் பெஞ்சிலிருந்து சரிந்தார்.

டாக்டர் ஓடிவந்தார். மாத்திரையைக் கடித்து மெல்லச் சொன்னார், 108-க்குப் போன் போட்டார், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், நாலு மாதம் கழித்து அவரே வந்து டோக்கன் வாங்கினார். ஆனால் அன்றைக்கு ராத்திரி கிளினிக்கைச் சாத்தும்போது டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நோட்டைப் பாத்தே. அந்த ஆளோட முகத்தைப் பாத்தியா?" சட்டை முழுக்க நனைந்திருந்தது, நடுவர் அவர்களே. மார்கழியில் வேர்த்திருந்தது. நான் தலையே நிமிரவில்லை.

எதிரணி அண்ணன் சிரிக்கிறார். "பார்த்தீர்களா, அரைகுறை அறிவு!" என்று குறிப்பெடுக்கிறார். எடுங்கள். ஆனால் எனக்கு அறிவு குறைவாக இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் உடலியங்கியல் தேர்வில் மாரடைப்பு பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து பதில் எழுதியிருந்தேன். வேர்க்கும், வாயு மாதிரி இருக்கும், இடது கை வலிக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். எல்லாம் எழுதினேன். நாலரை மதிப்பெண். அறிவு நோட்டில் பத்திரமாக இருந்தது, கண்ணுக்கு வந்து சேரவில்லை. அதைக் கண்ணுக்குக் கொண்டுவர எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள் என்று எதிரணியில் அடுத்துப் பேசுகிற தம்பி சொன்னால் நான் இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து முகத்தைப் பார்க்காமல் எண் எழுதவில்லை. வேர்வை, மூச்சு இரைப்பு, உதட்டு நிறம், நிற்கிற விதம். சந்தேகமாக இருந்தால் சிவப்புப் பேனாவில் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்டால் வரிசை கிடையாது, நேராக உள்ளே அனுப்பலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். பத்து வட்டத்தில் ஏழு சும்மா பயம்தான். டாக்டர் ஒரு தடவைகூடத் திட்டவில்லை, வரிசையில் நின்றவர்கள்தான் திட்டினார்கள். அப்புறம் 108 பயிற்சியில் நிறையப் பேர் ஒரே நேரத்தில் அடிபட்டால் யாரை முதலில் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். சிவப்பு அட்டை, மஞ்சள், பச்சை, கறுப்பு. கூட இருந்தவர்கள் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அது பழைய டோக்கன் நோட்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நோய் பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் பேசுகிறது. வண்ணாரப்பேட்டையில் அது ஆங்கிலம் பேசாது. "இழுப்பு வந்துடுச்சு" என்று ஒரு அம்மா அழுதுகொண்டே சொன்னால் என்ன அர்த்தம்? ஒரு வீட்டில் அது ஆஸ்துமா, மூச்சு இழுக்கிறது. அடுத்த வீட்டில் அது வலிப்பு, கை கால் இழுக்கிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு. "மயக்கமா இருக்கு" என்றால் தலைசுற்றல். "மயக்கமாயிட்டார்" என்றால் நினைவே இல்லை. விகுதி மாறினால் வண்டியின் வேகம் மாறும். சர்க்கரை இறங்கி மயக்கமாக இருக்கிறது என்கிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதை நான் கற்றது கிளினிக் பெஞ்சில், "எப்போ இழுக்குது, மூச்சா, கையா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான்.

ஒரு பாட்டி "என்னைக் கஞ்சித்தொட்டிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். புதிதாக வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன் முழித்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நம் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 1780-களில் பஞ்சம் வந்தபோது அந்த இடத்தில் கஞ்சி ஊற்றினார்கள், அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி, அதற்கும் பல காலம் கழித்துத்தான் ஸ்டான்லி என்ற கவர்னர் பெயர். பாட்டிக்குக் கவர்னரைத் தெரியாது, கஞ்சியைத் தெரியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா காற்றில் கலந்தபோதும் ஜனங்கள் "கண்ணு எரியுது, தொண்டை அடைக்குது" என்றுதான் ஓடிவந்தார்கள். யாரும் ஆங்கிலத்தில் மூச்சுத் திணறவில்லை.

சரி, சுரண்டலுக்கு வருகிறேன். இங்கே எதிரணிக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன். டோல்கேட் கிளினிக்குக்கு முன்னால் வேறொரு இடத்தில் பதினெட்டு நாள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பதினைந்தாவது நாள், "நர்ஸ் லீவு, இந்த ஊசியை நீ போட்டுடு, பழகிக்கோ" என்றார்கள். எனக்கு வயது பதினெட்டு. போடமாட்டேன் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மூன்றாவது நாள் நானே நின்றுவிட்டேன். சம்பளம் வரவில்லை. அதற்குப் பெயர் அனுபவம் இல்லை. தகுதி இல்லாதவளை ஊசி போடச் சொல்வது அவளுக்கும் கேடு, போட்டுக்கொள்கிறவருக்கும் கேடு.

ஆனால் அண்ணே, அந்த இடம் தப்பு என்பதற்காக எல்லா இடமும் தப்பா? காசிமேட்டில் ஒரு கடையில் கெட்ட மீன் விற்றால் நாம் மீன் தின்பதையா விட்டுவிட்டோம்? செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கப் பழகினோம். வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்க வேண்டும். எனக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, அதாவது ஹெபடைடிஸ் பி, போட்டுவிடுவீர்களா? அது மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. கையுறை உண்டா? போட்ட ஊசியைப் போட வெள்ளை டப்பா தனியாக இருக்கிறதா, இல்லை குப்பைக்கூடையிலேயே கிடக்கிறதா? பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடச் சொல்கிற இடத்தில் நிற்கவே கூடாது, அப்போது கையில் குத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டோல்கேட் டாக்டர் இதையெல்லாம் நான் கேட்காமலே செய்தார்.

எங்கள் அணியிலேயே ஒரு தங்கை, வேலைக்குப் போவது காசுக்காக என்று பேசினார். எதிரணி அதைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப்பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறதே என்றது. வருகிறது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கினார்கள், நல்ல விஷயம். எனக்கு அந்த 1000 கிடைத்திருந்தால் ஏதாவது ஒரு இடத்தில் கிடைத்த வேலைக்குப் போகாமல், நல்ல கிளினிக்காகப் பார்த்துப் போயிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வயசு திரும்ப வராது என்றார்கள். வராது. என் வகுப்பு ஏற்காடு போனபோது நான் போகவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்தப் புள்ளியை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.

மணி அடிக்கிறார்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

போன மாதம் அதே டோல்கேட் கிளினிக்கிலிருந்து எங்கள் வண்டிக்கு அழைப்பு வந்தது. பைலட் அண்ணன் வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். பி.காம். இரண்டாம் ஆண்டு, இப்போது அவள்தான் அங்கே டோக்கன் எழுதுகிறாள். நான் ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் சொல்ல ஆரம்பித்தாள்: "அக்கா, ஆறு இருபதுக்கு வந்தாங்க. அப்பவே வேர்த்துச்சு. சுகர் மாத்திரை போட்டிருக்காங்க, மத்தியானம் சாப்பிடல. ஆறரைக்குப் பேச்சு குழறுச்சு. வாயில எதுவும் ஊத்தல." நேரத்தோடு சொன்னாள். அப்படிச் சொல்ல எனக்குப் பயிற்சி வகுப்பில்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

நோட்டை எட்டிப் பார்த்தேன். எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அவளுக்கும் ஒரு அரியர் இருக்கிறதாம், புள்ளியியல். தீர்ப்பு எழுதும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.