ஷான்டிலி: நடுவில் வெறுமையாக விட்ட வெள்ளிக் கரண்டி

[காட்சி: கறுப்புத் துணிமேல் ஒரு முள்கரண்டி. கேமரா கைப்பிடி நுனிக்குப் போகிறது.]

இந்த நுனியைப் பாருங்கள். பிரெஞ்சு அரசர்களின் சின்னமான லில்லிப் பூவின் சாயல். அங்கிருந்து இரண்டு சுருள்கள் இறங்கி விளிம்போடு ஓடுகின்றன. நடுவில்? ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெள்ளி மட்டும்.

இந்தக் கரண்டி வடிவமைப்பின் பெயர் ஷான்டிலி. பாரிசுக்கு வடக்கே இருக்கும் அரண்மனையின் பெயர். பிறந்தது மட்டும் அமெரிக்காவில், பிராவிடன்ஸ் நகரில் இருந்த கோரம் என்ற வெள்ளிப் பொருள் நிறுவனத்தின் பட்டறையில், 1895-இல். வரைந்தவர் வில்லியம் காட்மன். 1891-இல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர்.

[காட்சி: தெய்வ உருவங்கள் நிறைந்த கைப்பிடிகள்.]

அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளுக்கு அலங்காரம் எவ்வளவு இருந்தாலும் போதாது. இதே கோரம் 1894-இல் கொண்டுவந்த 'மித்தாலஜிக்' வரிசையில் கைப்பிடி முழுக்கப் புராண உருவங்கள். அசாத்தியமான வேலைப்பாடு, மறுக்க முடியாது. ஆனால் தினமும் மூன்று வேளை கண்ணெதிரே வைத்துச் சாப்பிட எனக்குப் பிடித்தது காட்மனின் அடக்கம்தான். அவர் விட்ட வெற்றிடத்தில் குடும்பங்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் பொறித்துக்கொண்டன.

[காட்சி: எஃகு அச்சு, இறங்கும் சம்மட்டி.]

இந்தக் கரண்டி ஸ்டெர்லிங் வெள்ளி. ஸ்டெர்லிங் என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், வளைந்துவிடும். செம்புதான் அதற்கு உறுதி. கோரம் இந்தத் தரத்துக்கு மாறியது 1868-இல்.

தகட்டைக் கரண்டி அளவுக்கு வெட்டி, மேலும் கீழும் எஃகு அச்சு வைத்து அடிப்பார்கள். பூவும் சுருளும் அந்த அடியில் எழும். பிறகு பிசிறு நீக்கி, முள்ளின் இடைவெளியை வெட்டி, கரண்டிக் குழியை வளைத்து, மெருகேற்ற வேண்டும். அச்சில் சுருள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் கரண்டியில் தெரிந்துவிடும்.

கத்தி வேறு கதை. கைப்பிடியின் உள்ளே வெற்றிடம். இரண்டு பாதியைப் பற்றவைத்து, எஃகு அலகைச் செருகி, உள்ளே ஒட்டுப்பொருள் நிரப்புவார்கள். அதனால் கத்தியைக் கொதிநீரில் ஊறப் போடாதீர்கள். ஒட்டு இளகி அலகு ஆடும்.

[காட்சி: கைப்பிடியின் பின்புறம்.]

திருப்பிப் பாருங்கள். சிங்கம், நங்கூரம், 'ஜி' எழுத்து: கோரம் முத்திரை. பழைய சாமான் கடையில் ஷான்டிலி கிடைத்தால் முதலில் இதைத் தேடுங்கள். பக்கத்தில் யாருடைய முதலெழுத்தாவது பொறித்திருந்தால், தயவுசெய்து தேய்த்து அழிக்காதீர்கள்.