மாத்திரையை ஏன் வேண்டாம் என்கிறார்? கேட்டுப் பாருங்கள்
(திருவட்டாறு பக்கத்து ஊர்க் கூட்டம் ஒன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் டிரஸ்டி அண்ணாச்சி, மெம்பர் அக்கா, காசு வாங்காமல் மைக் செட் போட்ட தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பேர் விட்டுப்போனவர்கள் கோவிச்சுக்காதீங்க.

மூன்று விஷயம் பேச வந்தேன்: மருந்தை மறுக்கும் உரிமை, நோயாளியின் முறையீட்டைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியம், வீட்டார் படும் பாடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். நான் எந்த மேடையிலும் சொல்வதுதான்.

நம்ம பக்கத்து அண்ணன் ஒருவர், ரப்பர் பால்வெட்டு. மனசு சரியில்லாமல் மாத்திரை எடுத்தார், கொஞ்ச நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி தடிக்குள் இறங்கி மரமெல்லாம் காயம், தோட்டக்காரர் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். அம்மா பயந்துபோய் அதைப் பொடித்து மீன்குழம்பில் கலந்தார். கசப்பு தெரிந்ததும் வீட்டுச் சாப்பாட்டையே விட்டவர், தட்டுக்கடையில் போய் 'சாம்பாரை முதல்ல நீரு குடியும்' என்றாராம் கடைக்காரரிடம். சிரிக்கிறீங்க, நானும் சிரித்தேன். வீட்டில் அதற்கு வைத்த பேர் 'நோய் முத்திட்டு'. கடைசியில் ஒரு டாக்டர் மட்டும் 'ஏன் வேண்டாம்?' என்று கேட்டார். 'கத்தி நிக்கமாட்டேங்குது சார்.' மருந்தை மாற்றிக் கொடுத்தார், அண்ணன் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். தலைவலியும் காய்ச்சலும்... சரி, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் உள்ளவருக்குச் சம்மதமில்லாமல் சிகிச்சை கூடாது, அவசரநிலை தனி. 89-வது பிரிவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 30 நாள் வரை வைத்திருக்கலாம், ஆனால் அந்தத் திறனை 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வாரியத்திடம் முறையிடலாம், இலவச வக்கீலும் உண்டு. எல்லாம் நல்லது. ஆனால் வாரிய விசாரணை அன்று காலையில் ஊசி போட்டுத் தலை தொங்க உட்காரவைத்தால் அந்த ஆள் என்னத்தைப் பேசுவார்? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலச் சட்டம், விசாரணைக்கு 24 மணி நேரம் முன்பிருந்தே மனநல மருந்தை மறுக்கலாம் என்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

அந்த வரி வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. நல்லா இருக்கும்போதே, நமக்காகப் பேச யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம், 14-வது பிரிவு. எழுதிக்கொடுக்க ஆள் எங்கே? அதற்குத்தான் சாயங்காலம் நூலகத்தைத் திறக்கச் சொல்கிறேன் (ஆமா, மறுபடியும் நூலகம்தான்). தலைவர் வாட்சைப் பார்க்கிறார், வீட்டார் பாடு அடுத்த கூட்டத்துக்கு. அக்டோபர் 2 கிராமசபையில் நூலகத் தீர்மானத்தை மெம்பர் அக்கா முன்மொழிகிறார். வழிமொழிய ஆள் வேண்டும், பேர் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்க.