ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

(மதுரையில் மாதந்தோறும் நடக்கும் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

போன மாதக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடவுள் இல்லை என்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் இந்த உலகம் என்று ஒன்று ஏன் இருக்கிறது? ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம் அல்லவா? இதற்கு உங்கள் ஆட்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். பேருந்துக்கு நேரமானது உண்மை. கையில் பதில் இல்லை என்பது அதைவிட உண்மை. அந்தக் கடனை அடைக்கத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நம் பகுத்தறிவு மேடைகளில் சாதியும் சடங்கும் சோதிடமும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கேள்வி பேசப்பட்டதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1939 சூலை வரை ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாதிருந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் அண்டத்தின் தோற்றத்தைப் பற்றி மேடை போட்டுப் பேச யாருக்குப் பொழுது இருந்திருக்கும்?

கேள்வியை இந்த வடிவத்தில் கூர்மையாக்கிக் கொடுத்தவர் ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ். 1714-இல் எழுதிய ஒரு சிறு நூலில், ஒன்றும் இல்லாமல் போகாமல் ஏதோ ஒன்று இருப்பது ஏன் என்று கேட்டார். எதுவும் காரணமின்றி இருப்பதில்லை என்பது அவருடைய அடிப்படை விதி. உலகில் உள்ள ஒவ்வொன்றும் இன்னொன்றைச் சார்ந்து நிற்பதால், எதையும் சாராமல் தன்னிலேயே காரணம் கொண்ட ஒருவனிடம் போய்த்தான் இந்தச் சங்கிலி முடிய வேண்டும், அவனே கடவுள் என்று முடித்தார். அவர் போகிற போக்கில் இன்னொரு வாக்கியத்தையும் சொன்னார்: ஏதோ ஒன்று இருப்பதைவிட ஒன்றுமில்லாமை எளியது, இலகுவானது என்று. இந்தச் சிறிய வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

முதலில் அறிவியலார் சொல்லும் பதில். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணிஜாடிச் சோதனை செய்து காட்டுவேன். கண்ணாடிக் கவிகைக்குள் மின்மணியைத் தொங்கவிட்டு, விளிம்பில் கிரீஸ் தடவி, பம்பை இயக்கிக் காற்றை உறிஞ்ச, மணிச்சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கடைசியில் காதைக் கூர்ந்து வைத்தால்தான் கேட்கும். எங்கள் பம்ப் பழையது. ஒரு பக்கம் உறிஞ்சும்போதே மறுபக்கம் கசியும். ஒரு வருடம், சத்தம் ஓய்ந்ததும் "இப்போது உள்ளே என்ன இருக்கிறது?" என்று வழக்கம்போலக் கேட்டேன். வகுப்பே "ஒன்றுமில்லை சார்" என்றது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும் எழுந்து, "சத்தம்தான் சார் வரலை, மணி தெரியுதுல்ல? வெளிச்சம் உள்ள போய்த்தானே வருது? அப்ப உள்ள ஒண்ணுமில்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான். நான் "உட்கார்" என்றேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் இருபதாம் நூற்றாண்டு இயற்பியல் முழுவதும் அந்தப் பையன் பக்கம்தான் நிற்கிறது.

காற்றை எடுத்த பிறகும், அணு ஒன்றுகூட மிஞ்சாதபடி எடுத்த பிறகும், அந்த இடத்தில் மின்காந்தப் புலம் இருக்கிறது. புலம் என்றால் இடமெங்கும் பரவியிருந்து பொருள்கள்மீது விசை செலுத்தும் ஒன்று; ஒளி இந்தப் புலத்தில் எழும் அலைதான். மற்றப் புலங்களும் இருக்கின்றன. அவை ஒருபோதும் முழு ஓய்வுக்கு வருவதில்லை. வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948-இல் காசிமிர் என்ற இயற்பியலாளர் கணக்கிட்டுச் சொன்னார். 1997-இல் அந்த விசையைத் துல்லியமாக அளந்தே விட்டார்கள். வெற்றிடம் என்று நாம் சொல்வது வெறுமை அன்று.

இங்கிருந்துதான் ஒரு துணிச்சலான எண்ணம் பிறந்தது. 1973-இல் எட்வர்டு டிரையன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், இந்தப் பேரண்டம் முழுவதுமே வெற்றிடத்தில் எழுந்த ஓர் அலைவாக, அதாவது புலங்களின் அந்த ஓயாத ஏற்ற இறக்கங்களில் ஒன்றாக, இருக்கலாம் என்று எழுதினார். இவ்வளவு பொருளுக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கீழமாசி வீதிக் கடைக்காரர் ஒருவர் ஒரு லட்சம் கடன் வாங்கி ஒரு லட்சத்துக்குச் சரக்கு இறக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை நிரம்பி வழிகிறது. பேரேட்டில் பற்றையும் வரவையும் கழித்தால் பூச்சியம். பொருளில் உள்ள ஆற்றல் வரவு. ஈர்ப்பு விசையின் ஆற்றல் கணக்கில் எதிர்க்குறி பெறுவதால் அது பற்று. இரண்டும் சரிக்குச் சரியாக இருக்குமானால், அண்டம் உண்டாவதற்கு எவரும் முதல் போட வேண்டியதில்லை. 1982-இல் விலென்கின் என்ற இயற்பியலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், இடமும் காலமும் இல்லாத நிலையிலிருந்தே அண்டம் குவாண்டம் முறையில், அதாவது அணுவினும் சிறியவற்றை ஆளும் விதிகளின்படி, வெளிப்படலாம் என்று சமன்பாடு எழுதினார். அடுத்த ஆண்டில் ஹார்ட்டில், ஹாக்கிங் என்ற இயற்பியலாளர்கள் இருவரும், காலத்துக்கு விளிம்பே இல்லாத ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதில், 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த தொடக்கத்துக்கு முன் என்ன இருந்தது என்று கேட்பது, தென்துருவத்துக்குத் தெற்கே என்ன ஊர் என்று கேட்பதைப் போன்றது.

கைதட்ட வேண்டாம், பொறுங்கள். 2012-இல் லாரன்ஸ் கிராஸ் இந்தக் கருத்துகளைத் திரட்டி, ஒன்றுமில்லாததிலிருந்து அண்டம் வந்துவிட்டது என்று நூலே எழுதினார். அதே ஆண்டு டேவிட் ஆல்பர்ட் அதை மறுத்தார். அவர் மதபோதகர் அல்லர். இயற்பியல் படித்த தத்துவப் பேராசிரியர். புலங்களின் ஓர் ஒழுங்கமைவுதான் வெற்றிடம். விரல்களை மடக்கினால் முட்டி தோன்றுகிறது, விரித்தால் மறைகிறது, அதனால் முட்டி ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை என்பது அவர் வாதம். என் மனம் இதில் ஆல்பர்ட் பக்கமே சாய்கிறது. கடைக்காரரின் பேரேட்டில் நிகரம் பூச்சியம் என்பது சரி; ஆனால் கடை இருக்கிறது, பேரேடு இருக்கிறது, கணக்கு எழுதும் முறை இருக்கிறது. இயற்பியல் விதிகள் எங்கே எழுதியிருந்தன? வெற்றிடம் வேறு, இன்மை வேறு. நம்மவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, வெற்றி பெற்றுவிட்டதாக மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது வகையினர் கேள்வியையே ஏற்பதில்லை. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் சமயத்தைப் பற்றி எழுதிய உரையாடல் நூல் அவர் இறந்த பிறகு 1779-இல் வெளிவந்தது. அதில் ஒரு பாத்திரம் சொல்கிறது: இருபது துகள்களில் ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று தனித்தனியே விளக்கிவிட்டால், இருபதும் சேர்ந்து எப்படி வந்தன என்று மறுபடியும் கேட்பதில் பொருளில்லை. இந்தக் கூட்டத்துக்கே பாருங்கள். ஒருவர் தலைப்பைப் பார்த்து வந்திருக்கிறார், ஒருவர் மின்தடைக்குப் பயந்து காற்று வாங்க வந்திருக்கிறார், ஒருவரை மனைவி அனுப்பி வைத்திருக்கிறார். எல்லாருடைய காரணமும் தெரிந்த பிறகு கூட்டம் ஏன் வந்தது என்பதற்குத் தனிக் காரணம் வேண்டியதில்லை. 1948-இல் பிபிசி வானொலியில் பாதிரியார் கோப்பிள்ஸ்டனோடு வாதிட்ட ஆங்கிலத் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசல் இதையே வேறு விதமாகச் சொன்னார். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் இருக்க வேண்டும் என்று ஆகாது. அண்டம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

ரசல் சொன்னதற்கு நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: சும்மா. "ஏன் இங்கே நிற்கிறாய்?" "சும்மா." இந்தப் பதில் கேட்பவருக்குச் சலிப்பூட்டும், ஆனால் பல நேரங்களில் அதுதான் நேர்மையான பதில். தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்முடைய "ஏன்" என்ற சொல்லுக்குள் "எதனால்" என்பதும் "எதற்காக" என்பதும் சேர்ந்தே ஒளிந்திருக்கின்றன. கண்மாய் ஏன் உடைந்தது என்றால் எதனால் என்று பொருள். கண்மாயை ஏன் வெட்டினார்கள் என்றால் எதற்காக என்று பொருள். பெரியவர் அன்று கேட்டது இந்த இரண்டில் எது? "எதற்காக" என்று கேட்டவுடனேயே நோக்கமுள்ள ஒருவனைக் கேள்விக்குள் உட்கார வைத்துவிடுகிறோம். பிறகு பதிலில் அவன் எழுந்து நிற்பதில் வியப்பில்லை.

இப்போது லைப்னிட்ஸின் சிறிய வாக்கியத்துக்கு வருகிறேன். ஒன்றுமில்லாமைதான் இயல்பு, இருப்புக்குத்தான் காரணம் வேண்டும் என்பது அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? 2018-இல் மறைந்த அடால்ஃப் கிரூன்பாம் என்ற தத்துவப் பேராசிரியர் இதை விடாமல் கிண்டிக் கிளறினார். கடவுள் உலகை ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்ற கிறித்தவக் கோட்பாட்டில் ஊறியவர்களுக்கு மட்டுமே இது தானாக விளங்கும் உண்மையாகத் தோன்றுகிறது என்றார். எவரும் இன்மையைக் கண்டதில்லை, அளந்ததில்லை. பிறகு அதுதான் இயல்பு நிலை என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. கீழக்குயில்குடியில் சமணர் மலைக்கு ஏறிப் போயிருப்பீர்கள். அங்கே தவம் செய்தவர்கள் உலகைப் படைத்த ஒருவனை ஏற்காதவர்கள். உலகுக்குத் தொடக்கமே இல்லை என்று கொண்டவர்கள். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றியதாகச் சொல்லப்படும் மணிமேகலையில், வஞ்சி நகரில் ஒரு பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்று கொள்பவன், பேசுகிறான். தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் சேர்ந்த இடத்தில் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான். பூதங்கள் எங்கிருந்து வந்தன என்று அவன் கவலைப்படவே இல்லை. இறைமறுப்பாளர்களை விடுங்கள், சைவ சித்தாந்தி என்ன சொல்கிறார்? பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை, மூன்றும் அநாதி என்கிறார். இறைவன் குயவனைப் போல நிமித்த காரணம். மாயை மண்ணைப் போல முதற்காரணம். குயவன் மண்ணைப் படைப்பதில்லை. விளாச்சேரிக்குப் போய் கொலுப்பொம்மை செய்பவரிடம் கேட்டால், மண் கண்மாயில் கிடக்கிறது என்பார். இல்லது தோன்றாது என்பதில் நம் ஆத்திகரும் நாத்திகரும் பெரும்பாலும் ஒரே அணி. தருக்க நூலாரும் இன்மையை நான்கு வகையாகப் பிரித்தபோது, ஒவ்வோர் இன்மையும் ஏதோ ஒன்றின் இன்மை என்றே வைத்தார்கள். பானையில் அரிசி இல்லை என்று சொல்லலாம். பானையும் இல்லை, அரிசியும் இல்லை, வீடும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை என்று போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் "இல்லை" என்ற சொல் நிற்பதற்கே இடமில்லாமல் போகிறது.

ஆகவே பெரியவருக்கு என் பதில் இது. ஒன்றுமில்லாமைதான் முதலில் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு எனக்கு ஆதாரம் தெரியவில்லை. புலங்களும் அவற்றின் விதிகளும் இருக்கின்றன என்பது வரை போகிறேன். அங்கே "சும்மா" என்று நின்றுவிடுகிறேன். இது முழுமையான விளக்கம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது அந்தச் "சும்மா" என்னையும் உறுத்துகிறது. நீங்கள் இன்னும் ஓரடி எடுத்து வைத்துக் கடவுளிடம் போய் நிற்கிறீர்கள். அவர் ஏன் இருக்கிறார் என்று கேட்டால், அவருக்குக் காரணம் தேவையில்லை, அவர் இல்லாமல் இருக்கவே முடியாது என்கிறீர்கள். காரணம் தேவையில்லாத ஒன்று இருக்கலாம் என்று நாம் இருவருமே ஏற்றுக்கொண்ட பிறகு, அது புலமாக இருக்கக் கூடாது, கடவுளாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு நீங்கள் எனக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

பெரியவர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை கையைத் தூக்கிவிட்டார். எட்டரை மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலர் சொல்லியிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.